டார்பிடோ படகு எப்படி வேலை செய்தது? ‘லைட்னிங்’ வழியாக ஓர் எளிய விளக்கம்

டார்பிடோ படகு என்றதும் பலர் மனதில் வருவது இரண்டு படங்கள். ஒன்று, நீருக்கடியில் ஒளிந்து செல்லும் நீர்மூழ்கிக் கப்பலின் பழைய வடிவம். இன்னொன்று, நடுக்கடலில் பாய்ந்து வந்து பத்தாயிரம் டன் போர்க்கப்பலைத் தன்னந்தனியாக மூழ்கடித்துவிட்டுத் தப்பிக்கும் குட்டிப் படகு. இரண்டும் தவறு. டார்பிடோ படகு நீரின் மேல் ஓடிய ஒரு நீராவிப் படகு. அதன் ஆயுதமான டார்பிடோ, கப்பலை நீருக்கடியில் தாக்கும் வெடி. அது எட்டும் தூரம் மிகக் குறைவு என்பதால், தாக்க வேண்டுமானால் எதிரிக்குப் பக்கத்தில் போயாக வேண்டும். அதன் வேகம், சிறிய உருவம், இரவுத் தாக்குதல், தோல்விகள் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

விளக்கத்துக்கு ஓர் உண்மையான படகை எடுத்துக்கொள்வோம். பெயர் ‘லைட்னிங்’. லண்டனில் தேம்ஸ் கரையிலுள்ள சிசிக்கில், ஜான் ஐசக் தார்னிகிராஃப்டின் படகுப் பட்டறையில் 1876-ல் கட்டப்பட்டது. 1877-ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 26 மீட்டர், அகலம் சுமார் 3 மீட்டர், எடை 32.5 டன், ஆட்கள் 15 பேர். வேகம் 18.5 நாட். நாட் என்பது கடல் வேகத்தின் அளவு. ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். அப்படியானால் லைட்னிங்கின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர். இன்றைக்கு இது பெரிதாகத் தெரியாது. அன்றைய கவசக் கப்பல்களில் பெரும்பாலானவை 14, 15 நாட்டைத் தாண்டுவதற்கே திணறிய காலம் அது.

கப்பலை ஏன் நீருக்கடியில் அடிக்க வேண்டும்?

லைட்னிங் கட்டப்பட்ட அதே 1876-ல் போர்ட்ஸ்மத்தில் ‘இன்ஃப்ளெக்சிபிள்’ என்ற போர்க்கப்பல் கடலில் இறக்கப்பட்டது. எடை 11,880 டன். நடுப்பகுதியில் கவசத்தின் மொத்தத் தடிமன் 24 அங்குலம், அதாவது ஒன்றரை முழத்துக்கு நெருங்கிய இரும்பு. பீரங்கிக் குண்டால் அதைத் துளைக்க வேண்டுமானால் அதைவிடப் பெரிய பீரங்கி வேண்டும், அந்தப் பீரங்கியைச் சுமக்க அதைவிடப் பெரிய கப்பல் வேண்டும்.

ஆனால் கவசம் கப்பல் முழுவதும் கிடையாது. இரும்பு எடை கூடினால் கப்பல் மிதக்காது. எனவே பீரங்கிக் குண்டு விழக்கூடிய இடத்தில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலும் கொஞ்சம் கீழும் மட்டும், பட்டையாகக் கவசம் வைத்தார்கள். அதற்குக் கீழே இருப்பது சாதாரண மெல்லிய தகடு.

நீருக்கடியில் வெடிப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. காற்றில் வெடித்தால் விசை நாலா பக்கமும் சிதறிப் போகும். நீர் எளிதில் அமுங்காது. வெடியிலிருந்து பிறக்கும் வாயு வெளியேற வழி தேடும்போது, சுற்றியுள்ள நீரைவிடக் கப்பலின் தகடு எளிதாக விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் பத்துப் பதினைந்து கிலோ வெடிமருந்து, சரியான ஆழத்தில் தகட்டை ஒட்டி வெடித்தால், பெரிய பீரங்கி செய்யாததைச் செய்யும். நீர் உள்ளே புகுந்த பிறகு மிச்ச வேலையைக் கடலே பார்த்துக்கொள்ளும்.

ஆக, வெடிமருந்து பெரிய பிரச்சினையே அல்ல. அதைக் கொண்டுபோய் எதிரிக் கப்பலின் அடிவயிற்றில் சேர்ப்பதுதான் பிரச்சினை.

முதல் வழி: கழி முனையில் வெடி

முதலில் கண்டுபிடித்த வழி மிக நேரடியானது. படகின் அணியத்திலிருந்து, அதாவது முன்பக்கத்திலிருந்து, நீண்ட கழி ஒன்றை நீட்டி அதன் முனையில் வெடிப்பெட்டியைக் கட்டுவது. எதிரிக் கப்பலை நெருங்கியதும் கழியைச் சாய்த்து முனையை நீருக்குள் இறக்கி, கப்பலின் அடியில் வைத்து வெடிக்கச் செய்வது. இதைக் கழி டார்பிடோ என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் கால ஆவணங்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நீருக்கடியில் வெடிக்கும் எதையும் அன்று டார்பிடோ என்றே அழைத்தார்கள். நங்கூரமிட்டு மிதக்கவிட்ட கண்ணிவெடியும், கழி முனையில் கட்டிய வெடியும், கயிற்றில் இழுத்துச் சென்ற வெடியும் அதில் அடக்கம். பழைய செய்திகளில் வரும் ‘டார்பிடோ தாக்குதல்’ எல்லாவற்றையும் இன்றைய டார்பிடோ என்று எடுத்துக்கொள்வதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

கழி டார்பிடோ அமெரிக்க உள்நாட்டுப் போரில் நன்றாகவே வேலை செய்தது. 1863 அக்டோபர் 5 இரவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே, பாதி மூழ்கிய நிலையில் ஓடும் ‘டேவிட்’ என்ற சிறு நீராவிப் படகு ‘நியூ அயர்ன்சைட்ஸ்’ என்ற கவசக் கப்பலைத் தாக்கியது. வெடித்தபோது எழும்பிய நீர்த்தூண் டேவிட் மீதே விழுந்து, கொதிகலன் அடுப்பை அணைத்துவிட்டது. படகுத் தலைவர் நீரில் குதித்துப் பிடிபட்டார். அடுப்பை மறுபடி மூட்டித்தான் படகு ஊர் திரும்பியது. கவசக் கப்பல் சேதமடைந்தது, ஆனால் மூழ்கவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் இறுதியில், வில்லியம் குஷிங் என்ற இளம் அதிகாரி வட கரோலினாவின் பிளிமத்தில் ‘ஆல்பமார்ல்’ என்ற கவசக் கப்பலை ஒரு சிறு நீராவிப் படகால் மூழ்கடித்தார். கப்பலைச் சுற்றி மரத்தடிகளை மிதக்கவிட்டு வேலி போட்டிருந்தார்கள். முழு வேகத்தில் அந்தத் தடிகள் மேல் படகை ஏற்றித்தான் கழியை இறக்க முடிந்தது. குஷிங்கின் படகு அங்கேயே அழிந்தது.

கழியின் குறை இந்த இரண்டு சம்பவங்களிலும் அப்படியே தெரிகிறது. வெடி எதிரிக்கு எவ்வளவு பக்கமோ, ஏறத்தாழ அவ்வளவு பக்கம் படகும் இருக்கிறது. கழியை எவ்வளவு நீட்டினாலும் பத்து மீட்டர் அளவுதான். அதற்கு மேல் நீட்டினால் அலையில் வளைந்து ஒடியும்.

இரண்டாவது வழி: தானே ஓடும் டார்பிடோ

ஓய்வுபெற்ற ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி ஜொவான்னி லுப்பிஸ், கரையிலிருந்து கயிற்றால் திருப்பக்கூடிய, வெடி சுமந்த ஒரு சிறு மிதவைப் படகை உருவாக்க முயன்று கொண்டிருந்தார். 1864-ல் அவர் ஃபியூமே நகரில், இன்றைய குரோவேஷியாவின் ரியெகாவில், இயந்திரத் தொழிற்சாலை நடத்திய ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் வைட்ஹெட்டை நாடினார். வைட்ஹெட்டுக்கு அந்தக் கயிறு ஒத்துவரவில்லை. நீருக்கடியில் தானே ஓடும் கருவியை அவர் உருவாக்கி, 1866 இறுதியில் ஆஸ்திரியக் கடற்படைக்குக் காட்டினார். அதன் வேகம் 6, 7 நாட்தான். ஓடிய தூரம் சுமார் 200 மீட்டர்.

அதன் உள்ளமைப்பைத் தலையிலிருந்து வால் வரை பார்க்கலாம். முன்னால் வெடிமருந்துப் பகுதி. கன்காட்டன் எனப்படும் வெடிபஞ்சு அதில் நிரப்பப்பட்டது. லைட்னிங் காலத்து 14 அங்குல விட்டமுள்ள டார்பிடோவில் சுமார் 12 கிலோ. மூக்கில் வெடிமுனை. அதற்குப் பின்னால் அழுத்திய காற்று நிரப்பிய எஃகுக் கலன்; டார்பிடோவின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வது இதுதான். அந்தக் காற்று ஒரு சிறு இயந்திரத்தை ஓட்டும், இயந்திரம் வாலிலுள்ள புரொப்பல்லரைச் சுழற்றும். ஒரே புரொப்பல்லர் இருந்தால் டார்பிடோவே எதிர்த்திசையில் உருளப் பார்க்கும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வைத்து, எதிரெதிர்த் திசையில் சுழலவிட்டார்கள்.

இவ்வளவும் அன்றைய நல்ல பட்டறைக்கு எட்டக்கூடியவை. உண்மையில் கடினமாக இருந்தது ஆழம். நீர்மட்டத்துக்கு மிக அருகில் ஓடினால் டார்பிடோ கவசத்தில் மோதும்; ஆழத்தில் போய்விட்டால் கப்பலுக்கு அடியில் கடந்துவிடும். சுமார் 3 மீட்டர் ஆழத்தில் அது நிலையாக ஓட வேண்டும்.

கிணற்றில் முங்கிக் குளித்தவர்களுக்குத் தெரியும்: கீழே போகப்போகக் காதில் அழுத்தம் கூடும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று காது சொல்லும். வைட்ஹெட் டார்பிடோவுக்கு அப்படி ஒரு காதைக் கொடுத்தார். ஒரு வட்டத் தகடு. வெளியே நீரின் அழுத்தம், உள்ளே ஒரு ஸ்பிரிங். 3 மீட்டர் ஆழத்து அழுத்தத்துக்கு ஸ்பிரிங்கை முறுக்கி வைத்தால், டார்பிடோ அதைவிடக் கீழே போகும்போது நீர் ஜெயித்துத் தகடு உள்ளே போகும். மேலே வந்தால் ஸ்பிரிங் ஜெயித்துத் தகடு வெளியே வரும். தகட்டின் அசைவைக் கம்பிகளால் வாலிலுள்ள கிடைமட்டச் சுக்கானோடு இணைத்தால், டார்பிடோ தானே ஆழத்தைத் திருத்திக்கொள்ளும்.

இணைத்துப் பார்த்தபோது அது ஓங்கில் (டால்பின்) போல ஏறி இறங்கிப் போனது. காரணம் எளிது. கீழே இருக்கும் டார்பிடோ மேல்நோக்கித் திரும்புகிறது. சரியான ஆழம் வந்ததும் தகடு நடுநிலைக்கு வருகிறது, சுக்கானும் நேராகிறது. ஆனால் டார்பிடோவின் மூக்கு அப்போதும் மேல்நோக்கித்தான் இருக்கிறது. எனவே சரியான ஆழத்தைத் தாண்டி ஏறுகிறது, பிறகு திருத்திக்கொண்டு கீழே பாய்கிறது, மறுபடி தாண்டுகிறது.

1868 வாக்கில் வைட்ஹெட் கண்ட தீர்வு ஊசல். டார்பிடோவுக்குள் தொங்கும் ஒரு கனமான எடை, மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா கீழே கவிழ்ந்திருக்கிறதா என்பதை உணரும். அதையும் அதே சுக்கானோடு இணைத்தார். தகடு ‘ஆழம் தவறு’ என்று இழுக்கும்போது, ஊசல் ‘இவ்வளவு சாய்வு போதும்’ என்று தடுக்கும். இரண்டின் இழுபறியில் டார்பிடோ சரியான ஆழத்தை மெதுவாக அணுகி அங்கேயே நிலைக்கும். பல மீட்டர் ஏற்ற இறக்கம் சில அங்குலமாகச் சுருங்கியது. இந்தப் பகுதியை வைட்ஹெட் தொழிற்சாலையில் வெறுமனே ‘ரகசியம்’ என்றே அழைத்தார்கள். பல நாடுகள் பணம் கொடுத்து வாங்கியதும் அதைத்தான். பிரிட்டிஷ் கடற்படை 1870-ல் ஷீர்னெஸ்ஸில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1871-ல் தயாரிப்பு உரிமையை 15,000 பவுண்டுக்கு வாங்கியது. என் பார்வையில் டார்பிடோ படகின் வரலாற்றில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இந்த ஊசல்தான். படகுகளின் படங்களை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

திசைக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. வாலிலுள்ள செங்குத்துத் துடுப்புகளைச் சோதனை ஓட்டம் ஓடிப் பார்த்துத் திருகி வைப்பார்கள்; அவ்வளவுதான். டார்பிடோவை நேராகப் பிடித்து வைக்கும் கைரோஸ்கோப் 1890களின் நடுவில்தான் வந்தது. அதுவரை வாலில் சின்ன நசுங்கல் இருந்தாலும் டார்பிடோ வளைந்து போகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கப்பலின் பலவீனம் நீருக்கடியில் இருந்தது. கழி அங்கே எட்டியது, ஆனால் படகையும் பலி கேட்டது. வைட்ஹெட் டார்பிடோ அந்தப் பத்து மீட்டரைச் சில நூறு மீட்டராக்கியது. ஆழத்தை அது தானே பார்த்துக்கொண்டது, திசையை மனிதர்கள் குறிபார்த்துவிட வேண்டியிருந்தது.

வேகம் எங்கிருந்து வந்தது?

தார்னிகிராஃப்ட் போர்ப் படகு செய்யக் கிளம்பியவர் அல்ல. ஆற்றில் ஓடும் வேகமான நீராவிப் படகுகளைக் கட்டியவர். 1871-ல் அவர் கட்டிய ‘மிராண்டா’, நீளம் வெறும் 14 மீட்டர் அளவுதான்; ஆனால் 16 நாட்டுக்கு மேல் ஓடியது. அவ்வளவு சின்ன உடம்புக்கு அந்த வேகம் முடியும் என்று அதுவரை யாரும் எண்ணவில்லை.

அதன் சூட்சுமம் எடைக் குறைப்பு. அன்றைய கப்பல் கொதிகலன் பெரிய நீர்த்தொட்டி போல இருக்கும். தார்னிகிராஃப்ட் ரயில் எஞ்சின் வகைக் கொதிகலனை எடுத்தார். அதில் அடுப்பின் சூடான வாயு நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் வழியாக நீருக்குள் ஊடுருவிப் போகும். குறைந்த எடையில் நிறைய நீராவி கிடைக்கும். அந்த நீராவியை ஒரே உருளையில் வீணாக்காமல், முதலில் சிறிய உருளையிலும் பிறகு பெரிய உருளையிலுமாக இரண்டு முறை விரியவிட்டு வேலை வாங்கினார். இதற்குக் கூட்டு எஞ்சின் என்று பெயர். லைட்னிங்கின் எஞ்சின் 460 குதிரைத்திறன் தந்தது. உடற்பகுதிக்குச் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள எஃகுத் தகடு.

அடுப்புக்கு அதிகக் காற்று வேண்டும். குட்டையான புகைபோக்கி தேவையான காற்றை இழுக்காது. அதனால் இந்த வகைப் படகுகளில் அடுப்பறையை இறுக மூடிவிட்டு, விசிறியால் காற்றை உள்ளே திணித்தார்கள். நிலக்கரி ஆவேசமாக எரியும், வேகம் கிடைக்கும். கூடவே தொல்லைகளும் வரும். கரி போட அடுப்புக் கதவைத் திறக்கும்போது குளிர்ந்த காற்று சூடான குழாய்களின் வாயில் பாயும். குழாயும் அது பொருந்தியுள்ள தகடும் ஒரே வேகத்தில் சுருங்காது. மூட்டு தளர்ந்து நீர் கசியும். கசிந்த நீர் அடுப்பை மந்தமாக்கும், வேகம் விழும். இதைத் தவிர்க்கக் கதவைச் சட்டென்று திறந்து சட்டென்று மூடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரி போடும் பழக்கமுள்ள ஆள் வேண்டும். நல்ல அடுப்புக்காரர் இல்லாத டார்பிடோ படகு அட்டவணையில் எழுதிய வேகத்தை எட்டவே எட்டாது.

அட்டவணை வேகத்தைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. 18.5 நாட் என்பது அமைதியான நீரில், பொறுக்கிய கரியோடு, சோதனை ஓட்டத்தில் எடுத்த வேகம். 26 மீட்டர் படகு அலை எழும்பும் கடலில் அணியத்தைக் குத்தி நீரை வாரிக்கொள்ளும். மேல்தளத்தில் நிற்கவே முடியாதபோது, நுட்பமான டார்பிடோவைக் கையாள்வது எப்படி? லைட்னிங் போன்றவை கரையோரத்துக்கும் துறைமுகத்துக்கும் உரியவை. நடுக்கடல் வேட்டை அவற்றின் வேலையே அல்ல.

டார்பிடோவை எப்படி விட்டார்கள்?

முதலில் லைட்னிங்கின் இரு பக்கமும் இரண்டு இறக்குச் சட்டங்கள் இருந்தன. டார்பிடோவைச் சட்டத்தில் வைத்து, படகின் ஓரமாக நீருக்குள் இறக்கி, டார்பிடோவின் எஞ்சினை முடுக்கி விடுவிப்பார்கள். படகு வேகமாக ஓடும்போது அதன் ஓரத்தில் நீர் சுழித்து ஓடும். அந்த ஓட்டம் டார்பிடோவின் மூக்கைத் தள்ளித் திசையைக் கெடுக்கும். சரியாக விட வேண்டுமானால் படகின் வேகத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும். எதிரிக்கு முன்னால் போய் வேகத்தைக் குறைப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

1879-ல் சட்டங்களை எடுத்துவிட்டு அணியத்தில் ஒரே ஒரு டார்பிடோக் குழாயைப் பொருத்தினார்கள். நடுப்பகுதியில் இன்னும் இரண்டு டார்பிடோ மாற்றுக்கு. குழாய் முன்னோக்கி அசையாமல் பொருத்தப்பட்டிருந்ததால், குறிபார்க்க வேண்டுமானால் படகையே திருப்ப வேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு: அன்றைய 14 அங்குல டார்பிடோவின் வேகம் சுமார் 18 நாட், அதாவது படகின் வேகத்துக்குச் சமம். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே விட்டால், தான் விட்ட டார்பிடோவின் முதுகிலேயே படகு போய் ஏறக்கூடும். விட்டதும் வேகத்தைக் குறைத்து விலகித் திரும்ப வேண்டும்.

குறி ஏன் தப்பியது? ஒரு சின்னக் கணக்கு

18 நாட் டார்பிடோ நொடிக்கு 9 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். அதன் மொத்த ஓட்டம் சுமார் 550 மீட்டர். இப்போது 100 மீட்டர் நீளமுள்ள கப்பல் ஒன்று 10 நாட் வேகத்தில் உங்கள் முன்னால் குறுக்கே போகிறது என்று வையுங்கள். கப்பலையே பார்த்து விட்டால் டார்பிடோ போய்ச் சேரும்போது கப்பல் அங்கே இருக்காது. அது வரப்போகும் இடத்தைப் பார்த்து, சுமார் 34 டிகிரி முன்தள்ளி விட வேண்டும்.

அந்த 10 நாட்டை யார் அளந்தார்கள்? இருட்டில் கண் போட்ட கணக்கு அது. 8 நாட் என்று தப்பாக மதிப்பிட்டால் என்ன ஆகும்? 200 மீட்டரிலிருந்து விட்டால், டார்பிடோ போய்ச் சேர 24 நொடி. கப்பல் எதிர்பார்த்ததைவிட 25 மீட்டர் முன்னால் போயிருக்கும். நடுப்பகுதிக்குக் குறிவைத்தது அமரத்தை நெருங்கி, அதாவது பின்பக்கமாக, மோதும், அடி விழுந்துவிடும். 450 மீட்டரிலிருந்து விட்டால் 54 நொடி. வித்தியாசம் 56 மீட்டர். கப்பலின் பாதி நீளம் 50 மீட்டர்தான். டார்பிடோ அமரத்துக்குப் பின்னால் கடந்து போய்விடும்.

எனவேதான் நல்ல படகுத் தலைவர்கள் 200 மீட்டருக்கும் உள்ளே போனார்கள். பகலில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் படகைக் கண்டுபிடித்தால், முழு வேகத்திலும் அது நெருங்கி வர இரண்டரை நிமிடம் ஆகும். ஒரு அங்குலக் குண்டுகளைச் சரமாரியாகச் சுடும் நோர்டன்ஃபெல்ட் துப்பாக்கிகள் 1880 வாக்கில் கப்பல்களில் ஏறிவிட்டன. மெல்லிய தகடும், நடுவில் ஒரே ஒரு கொதிகலனும் உள்ள படகுக்கு இரண்டரை நிமிடம் மிக நீண்ட நேரம். இரவுதான் ஒரே கவசம்.

இரவிலும் முழு வேகம் எதிரியாகிவிடும். விசிறி திணித்த காற்றில் எரியும் அடுப்பு, புகைபோக்கி வழியாகத் தீப்பொறியையும் சில சமயம் சுவாலையையும் கக்கும். அணியம் கிளப்பும் நுரை இருளில் வெள்ளையாகத் தெரியும். அதனால் கடைசிக் கட்டத்தை மெதுவாக ஊர்ந்தே கடக்க வேண்டும். வேகம் தாக்குவதற்கு என்று நினைக்கிறோம். நடைமுறையில் அது விடிவதற்குள் போய்ச் சேரவும், விட்டபின் தப்பி ஓடவும்தான் அதிகம் உதவியது.

லைட்னிங்தான் உலகின் முதலாவதா?

எதில் முதல் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. அதே தார்னிகிராஃப்ட் 1873-ல் நார்வே கடற்படைக்கு ‘ராப்’ என்ற சிறு படகைக் கட்டிக் கொடுத்தார். டார்பிடோ படகு என்றே கட்டப்பட்டது அது, ஆனால் வைட்ஹெட் டார்பிடோ அதில் ஏறியது 1879-ல்தான். இன்றும் நார்வேயின் ஹோர்டன் கடற்படை அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். பிரிட்டனில் 1874-ல் ‘வெசூவியஸ்’ என்ற கப்பல் வைட்ஹெட் டார்பிடோவுக்காகவே கட்டப்பட்டது. சத்தமில்லாமல் இரவில் ஊர்ந்து போவது அதன் யோசனை. வேகம் 9 நாட் அளவுதான், வேகப் படகு அல்ல. வேகமான சிறு படகு ஒருபக்கம், தானே ஓடும் டார்பிடோ மறுபக்கம் என்று தனித்தனியாக வளர்ந்தவை பிரிட்டிஷ் கடற்படையில் ஒன்று சேர்ந்தது லைட்னிங்கில். அதைத் தொடர்ந்து வரிசையாகப் படகுகள் வந்தபோது பெயர்கள் போய் எண்கள் வந்தன. லைட்னிங் ‘டார்பிடோ படகு எண் 1’ ஆனது.

பிரிட்டிஷ் இந்திய அரசும் 1880களின் பிற்பகுதியில் ஏழு படகுகளைக் கட்டுவித்தது: பலூச், கூர்க்கா, காரென், பட்டான், மராட்டா, சீக், ராஜ்புத். லைட்னிங்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுள்ள இவை பின்னர் பிரிட்டிஷ் கடற்படைக்கு மாற்றப்பட்டு, 100 முதல் 106 வரை எண் பெற்றன.

போரில் நடந்தது

லைட்னிங் எந்தப் போரிலும் டார்பிடோ விட்டதில்லை. அதன் காலத்துப் படகுகள் விட்டன. அந்தக் கதைகளை வரிசையாகப் பார்த்தால் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும்.

1877 மே இறுதியில் ரஷ்ய-துருக்கிப் போரின்போது, டான்யூப் ஆற்றில் மச்சின் அருகே நின்ற ‘செய்ஃபி’ என்ற துருக்கிக் கப்பலை இரவில் சிறு படகுகள் சூழ்ந்தன. ருமேனியாவிடமிருந்து பெற்ற ‘ரண்டுனிகா’ படகில் வந்த ரஷ்ய அதிகாரி துபாசவ் முதல் வெடியை வைத்தார், ‘செனியா’ படகில் வந்த செஸ்தகோவ் இரண்டாவது வெடியை வைத்தார். கப்பல் மூழ்கியது. இரண்டும் கழி டார்பிடோக்களே. அதே மே மாதம், உலகின் மறுகோடியில் பெருவின் கடற்கரைக்கு அருகே, பிரிட்டிஷ் கப்பல் ‘ஷா’ ஓடிக்கொண்டிருந்த ‘ஹுவாஸ்கர்’ என்ற கவசக் கப்பல் மீது வைட்ஹெட் டார்பிடோவை விட்டது. போரில் அதுதான் முதல் தடவை. ஹுவாஸ்கர் விலகி ஓடித் தப்பித்தது.

தானே ஓடும் டார்பிடோவுக்கு முதல் இரை கிடைத்தது 1878 ஜனவரி 25-26 இரவில், கருங்கடலின் பட்டூமி துறைமுகத்தில். ரஷ்ய அதிகாரி ஸ்தெபான் மகாரொவ் தலைமையேற்ற ஒரு தாய்க்கப்பல் ‘செஸ்மா’, ‘சினோப்’ என்ற சிறு படகுகளைச் சுமந்து வந்து அருகே இறக்கிவிட்டது. நங்கூரத்தில் நின்ற ‘இந்திபா’ என்ற துருக்கி நீராவிக் கப்பலை அவை 60, 80 மீட்டர் தூரத்துக்கு நெருங்கி டார்பிடோக்களை விட்டன. கப்பல் சில நிமிடத்தில் மூழ்கியது. சில வாரங்களுக்கு முன் அதே துறைமுகத்தில் ஒரு முறை முயன்றபோது, டார்பிடோக்கள் குறி தவறிக் கரையில் ஏறித் துருக்கியர் கையில் சிக்கியிருந்தன.

1891 ஏப்ரல் 23-ல் சிலியின் கல்தேரா விரிகுடாவில் ‘பிளாங்கோ என்கலாடா’ மூழ்கியதைத்தான் பலர் டார்பிடோ படகின் வெற்றி என்று எழுதுகிறார்கள். தானே ஓடும் டார்பிடோவால் மூழ்கிய முதல் கவசக் கப்பல் அதுதான். ஆனால் அடித்த ‘லிஞ்ச்’, ‘கொந்தெல்’ இரண்டும் எழுநூறு டன் அளவுள்ள டார்பிடோ பீரங்கிக் கப்பல்கள். லைட்னிங்கைப் போல இருபது மடங்கு பெரியவை. உண்மையான டார்பிடோ படகுகள் பெரிய போர்க்கப்பலை முடக்கியதற்கு 1895 பிப்ரவரியில் சீனாவின் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் நடந்தது சரியான உதாரணம். துறைமுகத்துக்குள் இரவில் புகுந்த ஜப்பானியப் படகுகள், ஏழாயிரம் டன்னுக்கு மேற்பட்ட சீனத் தலைமைக் கப்பல் ‘திங்யுவான்’ மீது டார்பிடோவைப் பாய்ச்சின. மூழ்காமலிருக்க அதை ஆழமற்ற இடத்தில் தரைதட்ட வைக்க வேண்டியதாயிற்று.

அடி விழுந்த இடங்களிலெல்லாம் இரவு அல்லது விடியலுக்கு முந்தைய நேரம், கப்பல் நின்றுகொண்டிருந்தது, தூரம் மிகக் குறைவு. ஓடும் கப்பலுக்கு விட்டது தவறியது.

பெரிய கப்பல்களின் பதில்

டார்பிடோ படகு மூழ்கடித்த கப்பல்களைவிட, அது மாற்றிய பழக்கங்கள் அதிகம். நங்கூரமிடும் கப்பல்கள் பக்கவாட்டில் நீண்ட கழிகளை நீட்டி, அவற்றிலிருந்து எஃகு வளைய வலைகளை நீருக்குள் தொங்கவிட்டன. டார்பிடோ உடலைத் தொடுமுன் வலையில் வெடிக்கும். மின்விளக்குகள் மேல்தளத்தில் ஏறி இரவைக் கலைத்தன. நோர்டன்ஃபெல்ட்டை அடுத்து, படகை ஒரே குண்டில் நிறுத்தக்கூடிய விரைவுப் பீரங்கிகள் வந்தன.

ஆனால் வலையை இறக்கிய கப்பல் ஓட முடியாது. விளக்கை ஏற்றிய கப்பல் தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். படகைத் துரத்திப் பிடிக்கும் ஒரு கப்பல்தான் முழுத் தீர்வு. ‘யாரோ’ (Yarrow) என்ற படகு கட்டும் நிறுவனத்தில் 1893-ல் தயாரான ‘ஹாவக்’ சுமார் 240 டன், 26 நாட். அந்த வகைக்கு ‘டார்பிடோ படகு அழிப்பான்’ என்று பெயரிட்டார்கள். இன்று நாம் டெஸ்ட்ராயர் என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். படகைவிடப் பெரியது என்பதால் அலையைத் தாங்கியது. கூடவே டார்பிடோவையும் சுமந்தது. படகு செய்ய ஆசைப்பட்ட வேலையை, கடலில் கப்பற்படையோடு சேர்ந்து ஓடி, அதுவே எடுத்துக்கொண்டது.

லைட்னிங் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை போர்ட்ஸ்மத்தில் ‘வெர்னன்’ டார்பிடோப் பயிற்சிப் பள்ளியின் துணைப் படகாகக் கழித்தது. டார்பிடோவை இறக்குவது, குழாயில் ஏற்றுவது, திருப்பிக் குறிபார்ப்பது என்று ஒரு தலைமுறைக் கடற்படையினர் அதில் பழகினார்கள். 1896-ல் அது உடைக்கப்பட்டது.